ஊர் டாக்டரும் அரசு தெரபியும்: குமரியில் இரண்டு தடங்கள் ஏன் சந்திப்பதில்லை

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு வயதாகியும் ஒரு பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால், வீட்டில் முதலில் கிடைப்பது ஆறுதல்தான். "அவன் அப்பனும் மூணு வயசுக்கு மேலதான் வாய் திறந்தான்." அந்த ஆறுதல் சில மாதம் ஓடும். அப்புறம் கிளினிக். காய்ச்சலுக்கும் சளிக்கும் வழக்கமாகக் காட்டுகிற அதே டாக்டர். தாத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை எழுதுகிறவரும் அநேகமாக அவராகத்தான் இருப்பார். அவர் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றால் வீடு மொத்தமும் பொறுக்கும். "நாளைக்கே ஆசாரிபள்ளத்துக்குக் கொண்டுபோங்க" என்றால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிற அந்த ஊருக்கு மறுநாளே பஸ் ஏறும்.

இத்தனை செல்வாக்குள்ள அந்த டாக்டருக்கு, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகத் தரும் பயிற்சிகளின் ஏற்பாட்டில் ஓர் இடமும் இல்லை. பிரிட்டனில் குடும்ப மருத்துவர் கடிதம் எழுதாமல் அரசுச் செலவில் நிபுணரைப் பார்ப்பது கடினம். அங்கே அவர்தான் வாசல். இங்கே நேர் எதிர். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி என எதற்கும் தனியார் கிளினிக்கின் கடிதம் கட்டாயமில்லை, நேரே போய் நிற்கலாம். கேட்க நல்ல செய்தி. ஆனால் வாசலில் யாரும் நிற்காததால் வாசல் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

அரசு ஏற்பாட்டின் அடிப்படை, 2013 பிப்ரவரியில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம். ஆங்கில எழுத்துகளில் ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள். பிறப்பிலிருந்து 18 வயது வரை, பிறவிக் குறைகள், சத்துக் குறைவு, குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு பிரிவுகளில் 30 வகைப் பிரச்சினைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது இதன் வேலை. ஆயுஷ் மருத்துவர் இருவர், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் கொண்ட நடமாடும் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு தடவையும் பள்ளிக்கு ஒரு தடவையும் போக வேண்டும். சந்தேகம் தோன்றும் பிள்ளைகளை, குறையைச் சிறு வயதிலேயே கண்டு பயிற்சி தொடங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். நம் மாவட்டத்தில் அது ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்தது. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சு மற்றும் செவித்திறன் பயிற்சியாளர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த மையங்களின் அமைப்பு விதி. தனித்தனியாக அலையாமல் ஒரே நாளில் பிள்ளையை முழுதாகப் பார்த்துவிடலாம்.

இந்தச் சங்கிலி எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். அங்கன்வாடி, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி. குமரியில் சி.எஸ்.ஐ., கத்தோலிக்க நிர்வாகங்களின் பழைய பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவை, அவை உள்ளே வந்துவிடும். மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் வராது. இரண்டரை வயதில் பிளே ஸ்கூலுக்குப் போகிற பிள்ளை அங்கன்வாடிப் பதிவேட்டில் பெயருக்கு இருக்கலாம், குழு வரும் அன்று அங்கே இருக்காது. பேச்சு வராத பிள்ளையை "அழுதுகிட்டே இருப்பான், டீச்சருக்குக் கஷ்டம்" என்று வீட்டோடு வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. யாரைத் தேடி அந்தக் குழு வருகிறதோ அந்தப் பிள்ளைதான் அன்றைக்கு அங்கே இல்லை.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது 1838இல். எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல் பிறகு அந்த மருத்துவமனையில்தான் அறுவை சிகிச்சை நிபுணராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். டாக்டரிடம் போவது இங்கே ஐந்தாறு தலைமுறைப் பழக்கம். ஆகவே "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்ற வழக்கமான விளக்கம் இங்கே எடுபடாது. மக்கள் டாக்டரைப் பார்க்கிறார்கள், சீக்கிரமாகவே பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்கிற டாக்டர் ஒரு தடத்திலும், அரசு தெரபி இன்னொரு தடத்திலும் ஓடுவதுதான் சிக்கல். இரண்டையும் இணைக்கக்கூடியது அந்த டாக்டர் தன் லெட்டர்பேடில் எழுதும் அரைப் பக்கம் மட்டுமே.

டாக்டர்கள் ஏன் எழுதுவதில்லை?

அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம், அது முழு உண்மையல்ல. அம்மா வந்தது காய்ச்சலுக்கு. வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை டாக்டர் கவனித்தே இருப்பார். ஆனால் அதைச் சொன்னால் அரை மணி நேரம் பேச வேண்டும், அழுகையைத் தாங்க வேண்டும். சொன்னது தவறாகிப்போனால் "நல்லா இருக்கிற பிள்ளைக்கு இல்லாத நோயைச் சொன்ன டாக்டர்" என்ற பெயர் ஊரில் நிலைக்கும். சிறிய ஊரில் கிளினிக் வைத்திருப்பவருக்கு அது சின்ன விஷயமல்ல.

படிப்பிலும் ஒரு பங்கு இருக்கிறது. எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மாற்றுத்திறன் தொடர்பான திறன்கள் தனியாக இடம்பெற்றதே 2019இல் வந்த மாற்றத்தில்தான். இன்று ஐம்பது வயதில் இருக்கும் டாக்டருக்கு, மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு தடைப்படும் மூளை முடக்குவாதத்தின் வகைகள் தேர்வுக்குப் படித்ததாக ஞாபகம் இருக்கும். எட்டு வயதுப் பையன் தானாகச் சட்டை போட்டுக்கொள்ள அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ன செய்வார் என்பதை அவருக்கு யாரும் காட்டியதில்லை.

அனுப்பிய பிறகு பதில் வராததும் ஒரு காரணம். இதய நிபுணரிடம் அனுப்பினால் எக்கோ ரிப்போர்ட்டோடு நோயாளி திரும்பி வருவார். தெரபிக்கு அனுப்பினால் ஒரு வரிகூடத் திரும்பி வருவதில்லை. பிள்ளை போனதா, சேர்த்துக்கொண்டார்களா, முன்னேற்றம் உண்டா, எதுவும் தெரியாது. ஒரு தடவை அப்படி ஆனால் அடுத்த தடவை பேனாவை எடுக்கத் தோன்றாது. இந்தக் குறை அரசு மையங்களின் பக்கம்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். சிகிச்சைக் குறிப்பின் ஒரு நகலை அனுப்பிய டாக்டருக்குக் கொடுத்துவிடப் புதிய நிதி எதுவும் தேவையில்லை.

"பொறுத்துப் பார்ப்போம்" என்பது எல்லா நேரத்திலும் தவறு இல்லை. ஆனால் எதற்குப் பொறுக்கலாம், எதற்குக் கூடாது என்பதற்குத் தெளிவான எல்லைகள் உண்டு. ஒரு வயதில் மழலைச் சத்தமோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, ஒன்றரை வயது நெருங்கியும் ஒரு சொல் இல்லை, ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிய சொற்களை இழந்துவிட்டது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அனுப்பிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னது எந்த வயதில் நடந்தாலும் அனுப்ப வேண்டியதுதான். இன்னொன்று அடிக்கடி தப்பிப்போகிறது. பத்து மாதக் குழந்தை எதை நீட்டினாலும் ஒரே கையால் வாங்குகிறது. "இடதுகைக்காரன் ஆகப்போறான்" என்று வீட்டில் சிரிப்பார்கள். ஒரு வயதுக்கு முன்பே இப்படி ஒரு கைக்குச் சாய்வது மற்றக் கையின் பலவீனத்தைக் காட்டலாம். அது மூளை முடக்குவாதத்தின் முதல் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

நேரமில்லை என்கிற டாக்டருக்கு உதவ, நமக்குப் பக்கத்திலேயே ஒரு கருவி பிறந்திருக்கிறது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய அட்டவணை அது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு 17 செயல்கள். குழந்தையின் வயதுக்கு நேரே பேனாவைச் செங்குத்தாக வைத்தால், அதற்கு இடப்பக்கம் முழுவதுமாக வருகிற செயல்களையெல்லாம் குழந்தை செய்திருக்க வேண்டும். தேவைப்படுவது அந்தப் பேனாவும் ஒரு சாவிக்கொத்தும். ஐந்தாறு நிமிடத்தில் முடியும். தடுப்பூசிக்கு வருகிற நாளில் கிளினிக் நர்ஸே பார்த்துவிடலாம்.

காது விஷயத்தில் பொறுமைக்கு இடமே இல்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் கணக்கு இது. காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. ஆனால் அது சிறு குழந்தைகளுக்கு மட்டுமே. "கொஞ்சம் கேட்குது, பார்க்கலாம்" என்று இழுத்து ஏழு வயதில் வந்து நின்றால் கதவு சாத்தியிருக்கும்.

எங்கே அனுப்புவது?

ஆறு வயதுக்குள் என்றால் ஆசாரிபள்ளத்து மையம், சந்தேகமே வேண்டாம். ஆறு தாண்டினால்தான் குழப்பம் தொடங்குகிறது. திட்ட விதிப்படி இந்த மையங்களின் நேரடிக் கவனிப்பு ஆறு வயது வரைக்குத்தான். அதற்கு மேல் 18 வரை உள்ளவர்களைப் பொதுவான அரசு மருத்துவமனைகள் பார்த்துக்கொள்ள வேண்டும், மையம் வழிகாட்டும். ஆறு வயதுக்கு மேல் உண்மையில் கை கொடுப்பது கல்வித் துறை. குமரியின் ஒன்பது ஒன்றியங்களிலும் வட்டார வள மையம், அதாவது பி.ஆர்.சி., உண்டு. அகஸ்தீஸ்வரத்திலிருந்து முஞ்சிறை, மேல்புறம் வரை பெரும்பாலான வீடுகளுக்கு ஆசாரிபள்ளத்தைவிட இது கிட்டத்தில் இருக்கும். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் இங்கே வேலை செய்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. வருடந்தோறும் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமில் சக்கர நாற்காலி, காலைத் தாங்கும் காலிப்பர், காது கருவி போன்றவற்றுக்கு அளவெடுப்பார்கள். என் பார்வையில் குமரி டாக்டர்கள் மிகக் குறைவாக அறிந்திருப்பது இந்த பி.ஆர்.சி.யைத்தான். அது மருத்துவத் துறைக்குள் வராததால் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். இது ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் திட்டம் என்றே பெயர் வாங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் இதில் அடக்கம். பக்கவாதம் வந்த முதியவருக்குத்தான் என்று நினைத்து, படுக்கையிலிருக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு யாரும் கேட்பதில்லை. அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தின் கீழ் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களை மாநிலத்தில் படிப்படியாகத் திறந்துவருகிறது.

பெரிய தவறான எண்ணம் ஒன்று உண்டு: தெரபிக்கு முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும் என்பது. வேண்டாம். இடையீட்டு மையத்தில் பயிற்சி தொடங்கச் சான்றிதழோ அடையாள அட்டையோ தேவையில்லை. "அந்தச் சர்டிபிகேட் வாங்கினா நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது" என்று தயங்குகிற குடும்பங்களுக்கு இதை முதல் வாக்கியமாகவே டாக்டர் சொல்ல வேண்டும். சான்றிதழ் பணச் சலுகைகளுக்குத்தான். அறிவுத்திறன் குறைபாடு, தசைச்சிதைவு, கடும் பாதிப்பு போன்றவற்றுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடம் ஒரு லட்சம் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு. நிராமயாவில் தெரபிச் செலவுக்கும் ஒரு வரம்புக்குள் பணம் திரும்பக் கிடைக்கும். தனியாரிடம் போகிற குடும்பத்துக்குக்கூட இது உதவும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

"டெவலப்மென்டல் டிலே, ஃபார் ஃபர்தர் மேனேஜ்மென்ட்" என்று ஒரு வரி. வழக்கமான கடிதம் இதுதான். இதை வாங்குகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். பிள்ளையைத் தொடர்ந்து பார்த்துவரும் குடும்ப மருத்துவர் எழுதக்கூடியது இதைவிட எவ்வளவோ அதிகம். எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா, வலிப்பு வந்ததா, இப்போது என்ன மருந்து. வலிப்பு உள்ள பிள்ளை என்று தெரியாமல் பயிற்சி தொடங்குவது ஆபத்து. கண்ணும் காதும் சோதித்தாயிற்றா என்பதும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பிள்ளை இன்றைக்கு என்ன செய்கிறது, எது முடியவில்லை, வீட்டுக்கு எது உடனே வேண்டும் என்பது. "தானாகத் தவழ்கிறாள், பிடித்தால் நிற்பாள், கரண்டி பிடிக்க முடியவில்லை, சொன்னது புரிகிறது, பதில் சைகையில். பாத்ரூம் போவதைத் தெரிவிக்கக் கற்றுக்கொடுத்தால் அம்மா வேலைக்குத் திரும்ப முடியும்." இப்படி நாலு வரி போதும். நோயின் பெயர் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பெயர் வைப்பது நிபுணரின் வேலை. பெயர் தெரியும் வரை அனுப்பாமல் இருப்பதுதான் காலத்தைத் தின்கிறது.

குடும்பத்திடம் வாயால் சொல்ல வேண்டியதும் உண்டு. தெரபி என்பது பத்து நாள் மாத்திரைக் கோர்ஸ் அல்ல. வாரத்தில் ஓரிரு நாள் மையத்தில் நடப்பது பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பதற்குத்தான், மற்ற நாட்களின் பயிற்சி வீட்டில். இதைச் சொல்லாமல் அனுப்பினால், மூன்றாவது வாரம் "சும்மா விளையாட்டுக் காட்டி அனுப்புறாங்க" என்று நின்றுவிடுவார்கள்.

நின்றுபோவதற்கு ஊரின் நடைமுறையும் காரணம். அரசு மருத்துவமனையின் ஓ.பி. காலை நேரத்தில். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு வேலையும் அதே காலை நேரத்தில்தான். தூத்தூர், வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களில் ஆழ்கடலுக்குப் போன அப்பா கரை திரும்ப வாரக்கணக்காகும். மூன்று பிள்ளைகளோடு அம்மா தனியாக ஆசாரிபள்ளம் போய்வர வேண்டும். சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை என்பது உதவிதான், ஆனால் பஸ் மாறி மாறி வரும் அரை நாளை அது திருப்பித் தராது. ஆகவே மேற்குக் கோடியில் இருக்கும் குடும்பத்துக்கு முதல் மதிப்பீடு ஆசாரிபள்ளத்தில், தொடர் பயிற்சி முஞ்சிறை பி.ஆர்.சி.யில் என்று டாக்டரே பிரித்து எழுதிக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

நீரோடி, கொல்லங்கோடு பக்கத்தவர்களுக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் கிட்டம். நிஷ் எனப்படும் பேச்சு, செவித்திறன் நிறுவனம், ஸ்ரீசித்திரா மருத்துவமனை, எஸ்.ஏ.டி. தாய்சேய் மருத்துவமனை என்று அங்கே பெயர்பெற்ற இடங்கள் உண்டு. மதிப்பீட்டுக்குப் போவதில் தவறில்லை. தொடர்ந்த பேச்சுப் பயிற்சிக்கு யோசிக்க வேண்டும். வீட்டில் தமிழ் கேட்கிற பிள்ளைக்கு மையத்தில் மலையாளச் சொற்கள் கிடைக்கும். ஏற்கெனவே ஒரு மொழியோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு அது கூடுதல் சுமை. தமிழ்நாடு அரசின் உதவித்தொகைகளுக்கும் இங்கேயுள்ள பதிவுதான் தேவை.

வர்ம ஆசானையும், அதாவது வர்ம முறையில் வைத்தியம் பார்க்கும் நாட்டு வைத்தியரையும், விட்டுவிட முடியாது. இந்த மாவட்டத்தில் கால் வலுவில்லாத பிள்ளையை எண்ணெய் தேய்க்க ஆசானிடம் கொண்டுபோகாத குடும்பம் குறைவு. டாக்டர் அதைக் கேலி செய்தால் குடும்பம் டாக்டரிடம் சொல்லாமல் போகும், அவ்வளவுதான். எண்ணெய்த் தடவலைத் தடுப்பதைவிட, விறைத்த மூட்டை வலுவாக மடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்காகத் தெரபியை நிறுத்தாதீர்கள் என்று சொல்வது பயன் தரும். உண்மையில் எச்சரிக்க வேண்டியது வேறொன்றை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் என்று லட்சங்களில் விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. தனியார் தெரபி மையத்துக்குப் போகிறவர்கள், பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களா என்று கேட்கலாம். கேட்பதற்கு உரிமை உண்டு.

பன்னிரண்டு வயதுக்கு மேல்

குழந்தைகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், வளர்ந்தவர்கள் காணாமல் போகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு பெரும்பாலும் 12 வயதோடு முடியும். சிறார் நலத் திட்டமும் பள்ளிக்கல்வித் திட்டமும் 18இல் முடியும். உடம்பு அப்படி முடிவதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள பெண் பிள்ளை பதின்மூன்று வயதில் மளமளவென உயரும்போது எலும்பின் வேகத்துக்குத் தசை நீளாது. அதுவரை பிடித்து நடந்தவள் உட்கார்ந்துவிடுவாள். எடை கூடும், அம்மாவால் தூக்க முடியாது, அம்மாவின் முதுகு போகும். அப்போது தேவைப்படும் பயிற்சி வேறு: கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மாதவிடாய்ச் சுத்தம், கைபேசியில் படம் தொட்டுத் தன் தேவையைச் சொல்வது, ஒரு சிறு தொழில். இந்த வயதில் குடும்பத்தோடு தொடர்பில் இருக்கும் ஒரே மருத்துவர் பெரும்பாலும் ஊர் டாக்டர்தான், அதுவும் அம்மாவின் முதுகு வலிக்காக. "பிள்ளை எப்படி இருக்கா?" என்று அவர் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

18 நிறைந்ததும் சட்டக் கணக்கும் மாறுகிறது. அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவருக்கு 18க்குப் பிறகு பெற்றோர் தாமாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். வங்கிக் கணக்கு, சொத்து என்று வரும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. பதினேழு வயதில் தெரபிக்காக ஒரு கடிதம் எழுதும் டாக்டர், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் இந்த விண்ணப்பத்தைப் பற்றி விசாரிக்கச் சொல்லி அதே தாளின் கீழே ஒரு வரி சேர்த்துவிடலாம். பெற்றோர் இருவரும் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது.